முகமூடி செய்தவர் முகத்தை மறைத்த கதை: காரெட் மோர்கனும் அவரது காப்புரிமைகளும்

1914 அக்டோபர். அமெரிக்காவின் தெற்கே நியூ ஆர்லியன்ஸ் நகரம். திறந்த வெளியில் ஒரு கூடாரம் அடித்து, அதற்குள் தார், கந்தகம், ஃபார்மால்டிஹைடு, சாணம் எல்லாம் போட்டுக் கொளுத்துகிறார்கள். புகை கூடாரத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. வெளியே வெள்ளையர் ஒருவர் நின்று, புதிய பாதுகாப்புக் கருவியின் அருமையைக் கூட்டத்துக்கு விளக்குகிறார். பக்கத்தில் செவ்விந்தியர் உடையில் ஒருவர். அவருக்குப் பெயர் 'பிக் சீஃப் மேசன்', கனடாவின் வால்போல் தீவிலிருந்து வந்தவர் என்று அறிவிக்கிறார்கள். அந்த 'செவ்விந்தியர்' தலையில் ஒரு முக்காட்டை மாட்டிக்கொண்டு புகைக்குள் போகிறார். சாதாரண ஆள் இரண்டு நிமிடம் தாங்க முடியாத புகை அது. அவர் இருபது நிமிடம் கழித்து, ஒன்றும் ஆகாதவர்போல வெளியே வருகிறார். கூட்டம் கை தட்டுகிறது. நகரத்தின் நாளிதழிலும் செய்தி வருகிறது.

உள்ளே போய் வந்தவர் செவ்விந்தியத் தலைவர் அல்ல. காரெட் மோர்கன் என்ற கறுப்பர். அந்தக் கருவியைக் கண்டுபிடித்து, வடிவமைத்து, அதே ஆண்டில் காப்புரிமை வாங்கியிருந்தவரும் அவர்தான். தெற்கே ஒரு கறுப்பர் செய்த கருவியைத் தீயணைப்புத் துறை எதுவும் வாங்காது என்பது அவருக்குத் தெரியும். விற்க வெள்ளையர் ஒருவரைப் பிடித்தார். செய்துகாட்ட வேடம் கட்டினார்.

கறுப்பின வரலாறு பற்றிய பட்டியல்களில் "போக்குவரத்து விளக்கைக் கண்டுபிடித்தவர்", "வாயு முகமூடியைக் கண்டுபிடித்தவர்" என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிற பெயர் இது. அந்த இரண்டு வரியுமே முழுக்கச் சரியில்லை, அதற்குப் பிறகு வருகிறேன். ஒரு தனி மனிதர், எந்தப் பல்கலைக்கழகமும் எந்த நிறுவனத்தின் ஆய்வுக்கூடமும் பின்னால் இல்லாதவர், தையல் மிஷின் முதல் தலைமயிர் வரை, தீயணைப்பு முதல் சாலைச் சந்திப்பு வரை கை வைத்தார். ஒவ்வொரு முறையும் காப்புரிமை அலுவலகம் அவரிடம் கேட்டது ஒன்று, சந்தை கேட்டது வேறொன்று. அந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் காப்புரிமை என்ற காகிதத்தைப் பற்றிக் கொஞ்சம். அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தில் இனம் என்ற சொல்லே கிடையாது. 1821லேயே நியூயார்க்கைச் சேர்ந்த தாமஸ் ஜென்னிங்ஸ் என்ற சுதந்திரக் கறுப்பர், தையல்காரர், துணியைத் தண்ணீரில் நனைக்காமல் வெளுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். காப்புரிமை பெற்ற முதல் கறுப்பர் என்று அறியப்படுபவர் அவர்தான். ஆனால் அடிமைகளின் கதை வேறு. 1857இல் மிசிசிப்பி மாநிலத்து ஆண்டை ஆஸ்கர் ஸ்டூவர்ட், தன் அடிமை நெட் என்பவர் உருவாக்கிய பருத்தி வயல் கருவிக்குத் தன் பெயரில் காப்புரிமை கேட்டார். அடிமையின் கை உழைப்பும் மூளை உழைப்பும் ஆண்டைக்கே சொந்தம் என்பது அவர் வாதம். அடுத்த ஆண்டு அமெரிக்க அரசின் தலைமை வழக்கறிஞர் கொடுத்த பதில்: அடிமையின் கண்டுபிடிப்புக்கு யாருக்குமே காப்புரிமை தர முடியாது. அடிமை குடிமகன் அல்ல, ஆகவே அவருக்கு இல்லை. ஆண்டை கண்டுபிடித்தவர் அல்ல, ஆகவே அவருக்கும் இல்லை.

ஸ்டூவர்ட் சும்மா இருக்கவில்லை. காப்புரிமை இல்லாமலே அந்தக் கருவியைச் செய்து விற்றார். அதைவிடக் கொடுமை, அடிமை ஒருவர் இதைக் கண்டுபிடித்ததே அடிமைமுறை மனிதனின் அறிவை மழுங்கடிப்பதில்லை என்பதற்குச் சான்று என்று விளம்பரமும் செய்தார். திருடிய பொருளையே திருட்டுக்கு நற்சான்றாகக் காட்டுவது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. உள்நாட்டுப் போர் வந்ததும் தெற்கு மாநிலங்களின் கூட்டாட்சி தனியாக ஒரு காப்புரிமைச் சட்டம் போட்டது. அதில் அடிமையின் கண்டுபிடிப்புக்கு ஆண்டை உரிமை பெறலாம் என்று வெளிப்படையாகவே எழுதிவைத்தார்கள்.

போருக்குப் பிறகு, சட்டத்தின் முன் எல்லோருக்கும் வழி திறந்தது. ஆனால் காப்புரிமைப் பதிவேட்டில் இனம் எழுதுவதில்லை. அதனால் இன்னொரு சிக்கல் வந்தது: கறுப்பர்கள் எதையும் கண்டுபிடித்ததில்லை என்று வெள்ளை அரசியல்வாதிகள் மேடையில் சொன்னால், இல்லை என்று எடுத்துக் காட்ட ஆவணம் கிடையாது. காப்புரிமை அலுவலகத்திலேயே வேலை பார்த்த ஹென்றி பேக்கர் என்ற கறுப்பர், வழக்கறிஞர்களுக்கும் நிறுவனங்களுக்கும் கடிதம் கடிதமாக எழுதி, யார் யார் கறுப்பர் என்று விசாரித்துப் பட்டியல் தொகுத்தார். 1894இல் தென் கரோலினாவின் கறுப்பினப் பிரதிநிதி ஜார்ஜ் வாஷிங்டன் மர்ரே, 92 கண்டுபிடிப்புகள் கொண்ட பட்டியலை நாடாளுமன்றப் பதிவில் ஏற்றினார். நம்மிடமும் இதே பிரச்சினை இருக்கிறது. காப்புரிமை விண்ணப்பத்தில் சாதி கேட்கும் கட்டம் கிடையாது, இருக்கவும் வேண்டாம். ஆனால் நம்மவர்களின் கண்டுபிடிப்புகளை யாராவது எண்ணிப் பார்க்க நினைத்தால், ஹென்றி பேக்கரைப் போல வீடு வீடாகத்தான் கேட்டுப் போக வேண்டும்.

இப்போது மோர்கனிடம் வருவோம்.

1877இல் கென்டக்கி மாநிலத்தில் பிறந்தார். தந்தை சிட்னி, அடிமையாக இருந்து விடுதலையானவர். தாய் எலிசபெத் ரீட், ஒரு போதகரின் மகள். அவர் வழியில் பூர்வகுடி ரத்தமும் உண்டு. பதினொரு பிள்ளைகளில் காரெட் ஏழாவது. ஆறாம் வகுப்போடு பள்ளி முடிந்தது. பதினான்கு வயதுவாக்கில் வேலை தேடி ஓஹையோ ஆற்றைக் கடந்து சின்சினாட்டிக்குப் போனார். அங்கே ஒரு நிலவுடைமையாளரிடம் எடுபிடி வேலை. அந்தக் கூலியில் ஒரு பகுதியைக் கொடுத்துத் தனியாக ஆசிரியர் வைத்து இலக்கணம் படித்தார். மாணவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படியுங்கள். பள்ளி அவரை விட்டது, அவர் படிப்பை விடவில்லை.

1895இல் கிளீவ்லாந்து. ஈரி ஏரிக்கரையில் ஆலைகள் பெருகிக்கொண்டிருந்த ஊர். துணி ஆலை ஒன்றில் தரை கூட்டும் வேலை கிடைத்தது. தையல் மிஷின்களைப் பக்கத்தில் இருந்து பார்த்துப் பார்த்து, அவற்றைப் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டார். மிஷின் ஓடும்போது பெல்ட் நழுவும், அறுந்துபோகும். அதைப் பிணைக்க ஒரு கொக்கியைச் செய்தார். 1901இல் அதை விற்றார். அவருடைய முதல் கண்டுபிடிப்பு அது. வளைந்து வளைந்து தைக்க உதவும் ஓர் இணைப்பையும் பின்னாளில் செய்தார்.

இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். கருவியின் குறை முதலில் யார் கண்ணில் படும்? அதை வாங்கிய முதலாளியின் கண்ணிலா, நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டும் ஆளின் கண்ணிலா? உழைப்பவருக்குத்தான் தெரியும். உலகம் முழுக்க அதுதான் நிலை. ஆனால் தெரிந்ததைச் சொத்தாக மாற்ற ஒரு காகிதம் வேண்டும், வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் வேண்டும், படம் வரையத் தெரிய வேண்டும், எழுதத் தெரிய வேண்டும். மோர்கன் இலக்கணம் படித்ததன் அருமை இங்கேதான். நம் ஊரில் தோல் பதனிட்டவர்களும், பறைக்குத் தோல் இழுத்துக் கட்டியவர்களும், எந்த மண்ணில் எந்த ஆழத்தில் ஊற்று வரும் என்று சொல்லக்கூடியவர்களும் சேர்த்துவைத்த அறிவுக்கு இந்தக் காகிதம் ஒருநாளும் கிடைத்ததில்லை. மஞ்சளுக்கு அமெரிக்காவில் கொடுத்த காப்புரிமையை எதிர்த்து இந்திய அரசின் அறிவியல் அமைப்பு வழக்காடி, 1997இல் ரத்து செய்யவைத்தது. பெருமைதான். சேரியின் அறிவு பறிபோனதற்கு யார் வழக்காடினார்கள் என்று கேட்டால் தேசம் வேறு பக்கம் பார்க்கும்.

1907இல் சொந்தமாகத் தையல் மிஷின் பழுது பார்க்கும் கடை. 1908இல் கிளீவ்லாந்தின் கறுப்பின ஆண்களுக்கான சங்கத்தை அமைத்தவர்களில் அவரும் ஒருவர். அதே ஆண்டில் மேரி ஹாசெக்கைத் திருமணம் செய்தார். அவர் பொஹீமியாவிலிருந்து குடிவந்த வெள்ளைப் பெண், தையல் தெரிந்தவர். ஓஹையோ மாநிலம் 1887இலேயே இனக்கலப்புத் திருமணத் தடையை நீக்கியிருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம், மோர்கன் பிறந்த கென்டக்கியில், இந்தத் திருமணம் செல்லாது. 1967 வரை அப்படித்தான். 1909இல் இருவரும் சேர்ந்து பெண்களுக்கான ஆடைகள் தைக்கும் கடை தொடங்கினார்கள். அதில் 32 பேர் வேலை பார்த்தார்கள்.

தலைமயிர்க் களிம்பு இந்தக் கடையில்தான் பிறந்தது. வேகமாக ஓடும் தையல் ஊசி சூடேறிக் கம்பளித் துணியைக் கருக்கிவிடும். அதைத் தடுக்க ஊசிக்குப் பூசும் ஒரு திரவத்தைச் சோதித்துக்கொண்டிருந்தார். கையை ஒரு துணியில் துடைத்தார். சுருண்டிருந்த அதன் இழை நேராகிவிட்டதாம். பக்கத்து வீட்டு நாயின் ரோமத்தில் பூசிப் பார்த்தார், பிறகு தன் தலையிலேயே பூசிக்கொண்டார். கதை இப்படித்தான் சொல்லப்படுகிறது. 1913இல் ஜி. ஏ. மோர்கன் ஹேர் ரிஃபைனிங் கம்பெனி தொடங்கியது. களிம்பு, சாயம், பற்கள் வளைந்த சீப்பு என்று ஒரு வரிசையே வந்தது.

தோழர்கள் சிலருக்கு இது உறுத்தும். கறுப்பரின் சுருள் முடியை வெள்ளையரின் முடிபோல நேராக்கும் மருந்தை ஒரு கறுப்பரே விற்பதா? நியாயமான கேள்வி. முகத்தை வெளுப்பாக்கும் களிம்புகள் நம் கடைத்தெருவில் எப்படி விற்கின்றன என்று தெரிந்த நமக்கு, இந்த வியாபாரத்தின் அடியில் இருக்கும் தாழ்வுணர்ச்சி புரியாமல் இல்லை. அதே காலத்தில் மேடம் சி. ஜே. வாக்கரும் கறுப்பினப் பெண்களுக்கான தலைமுடித் தொழிலில் பெரும் பணம் சேர்த்தார். அவர் மீதும் இந்த விமர்சனம் உண்டு. அந்த விமர்சனத்தை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் வரலாற்றில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. மோர்கன் முகத்தை மறைக்காமல் விற்க முடிந்த ஒரே சரக்கு இதுதான். வாங்குவோர் கறுப்பர்கள், விளம்பரம் கறுப்பினப் பத்திரிகைகளில். வெள்ளையர் ஒருவரை முன்னால் நிறுத்த வேண்டிய தேவையே இல்லை. மற்ற கண்டுபிடிப்புகளுக்குத் தேவையான முதலும், யாரிடமும் கையேந்தாத சுதந்திரமும் அவருக்கு இந்தக் களிம்பு டப்பாவிலிருந்து வந்தவை.

பாதுகாப்பு முக்காடு அப்படி இல்லை. அதை வாங்க வேண்டியவை நகராட்சிகளும் தீயணைப்புத் துறைகளும். அங்கே முடிவெடுப்பவர்கள் எல்லோரும் வெள்ளையர்.

கருவி எப்படி வேலை செய்தது என்று பார்ப்போம். தலை முழுவதையும் மூடும் முக்காடு. கண்ணுக்கு நேரே பார்ப்பதற்குக் கண்ணாடி. முக்காட்டிலிருந்து இரண்டு குழாய்கள் இறங்கி, முதுகுப் பக்கம் ஒன்றாகச் சேர்ந்து தரைவரை தொங்கும். தீப்பிடித்த கட்டடத்தில் சூடான புகை மேலே ஏறும்; தரையை ஒட்டி மூச்சு விடத் தக்க காற்று கொஞ்சம் மிச்சம் இருக்கும். புகையில் மாட்டிக்கொண்டால் தவழ்ந்து போ என்று இன்றும் சொல்லிக்கொடுப்பது இதனால்தான். மோர்கனின் கருவியை மாட்டியவர் தவழ வேண்டாம். நிமிர்ந்து நடக்கலாம், ஆளைத் தூக்கலாம். குழாய் அவருக்குப் பதிலாகத் தரையில் தவழும். குழாயின் முனையில் ஈரமான ஸ்பாஞ்சு, புகைத்துகளைத் தடுத்து காற்றைக் குளிர்விக்க. ஆய்வகத்தில் உட்கார்ந்து யோசித்த வேதியியல் அல்ல இது. புகையில் நின்று பார்த்தவரின் யோசனை. 1912இல் விண்ணப்பித்து 1914இல் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டில் மேம்படுத்திய வடிவத்துக்கு இன்னொன்றும் கிடைத்தது. நேஷனல் சேஃப்டி டிவைஸ் கம்பெனி என்ற நிறுவனத்தையும் தொடங்கினார். நியூயார்க்கில் நடந்த பாதுகாப்பு, சுகாதாரக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் கிடைத்தது. கட்டுரையின் தொடக்கத்தில் நீங்கள் பார்த்த 'பிக் சீஃப் மேசன்' கூத்து நடந்ததும் இந்த ஆண்டில்தான். பதக்கம் வாங்கிய கருவியை விற்க, செய்தவர் வேடம் கட்டினார்.

1916 ஜூலை 24 இரவு. கிளீவ்லாந்து நகரத்துக்கு ஈரி ஏரியின் ஆழத்திலிருந்து குடிநீர் கொண்டுவர, ஏரிக்கு அடியில் சுரங்கப்பாதை தோண்டிக்கொண்டிருந்தார்கள். கரையிலிருந்து ஏறத்தாழ 5 மைல் தூரத்தில், தோண்டியவர்கள் இயற்கை வாயு தேங்கியிருந்த இடத்தைத் தொட்டுவிட்டார்கள். வெடிப்பு. உள்ளே இருந்தவர்களை மீட்கப் போன முதல் குழுக்கள் தகுந்த கவசம் இல்லாமல் இறங்கின. அவர்களையும் வாயு சாய்த்தது. மீட்கப் போனவர்களை மீட்க யார் போவது என்ற நிலை.

விடியும் முன் மோர்கனுக்கு ஆள் வந்தது. அவர் கருவியை முன்பே பார்த்திருந்த யாரோ நினைவுபடுத்தியிருக்கிறார்கள். தம்பி ஃபிராங்கை அழைத்துக்கொண்டு, கையிலிருந்த முக்காடுகளைக் காரில் போட்டுக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனார். அங்கே கூடியிருந்தவர்களில் பலர் அந்த முக்காட்டை நம்பி இறங்கத் தயாராக இல்லை. சகோதரர்கள் இருவரும், துணிந்து வந்த வேறு இருவரும் முக்காடு மாட்டி இறங்கினார்கள். இரண்டு பேரை உயிரோடு கொண்டுவந்தார்கள். அதைக் கண்டபிறகு மற்றவர்களும் மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். மோர்கன் மறுபடியும் மறுபடியும் போய் உடல்களைத் தூக்கி வந்தார். இருபது பேர் அளவில் செத்த விபத்து அது. அவர்களில் பாதிப் பேர் அளவுக்கு மீட்கப் போனவர்கள்.

அடுத்து நடந்தது உங்களுக்குப் புதிதாக இருக்காது. உள்ளூர்ப் பத்திரிகைகள் மற்றவர்களைக் கொண்டாடின. துணிச்சலுக்குப் பரிசளிக்கும் கார்னகி வீரர் நிதியத்துக்கு நகர அதிகாரிகள் பரிந்துரை அனுப்பினார்கள். அதில் மோர்கன் பெயர் இல்லை. 1917இல் அவர் மேயர் ஹாரி டேவிஸுக்குக் கடிதம் எழுதினார். தன்னை நடத்திய விதத்தைப் பார்த்தால், இந்த நகரத்தில் கறுப்பருக்கு நேர்மையான நடத்தை கிடைக்காது என்றுதான் தானும் தன் இனத்தாரும் நினைக்க வேண்டியிருக்கும் என்ற பொருளில் அமைந்த கடிதம். அதில் கெஞ்சல் கிடையாது. மேயருக்கு அதனால் ஒன்றும் ஆகிவிடவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் அவர் ஓஹையோவின் ஆளுநரானார். குடிமக்கள் குழு ஒன்று 1917இல் மோர்கனுக்கு வைரம் பதித்த பதக்கம் கொடுத்தது. அதுதான் நகரம் அப்போது காட்டிய நன்றி.

பரபரப்பான மீட்பு அது. செய்தியும் படமும் பரவின. கருவி செய்தவர் கறுப்பர் என்று தெற்கே தெரிந்தது. சில ஊர்கள் கொடுத்திருந்த ஆர்டரைத் திரும்பப் பெற்றன என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். கருவி உயிரைக் காப்பாற்றும் என்பதற்கு இதைவிடப் பெரிய நிரூபணம் இருக்க முடியாது. அந்த நிரூபணமே விற்பனைக்கு எமனாக வந்தது. தங்கள் தீயணைப்பு வீரர் புகையில் செத்தாலும் பரவாயில்லை, கறுப்பர் செய்த முக்காடு வேண்டாம் என்று முடிவெடுத்த நகராட்சிகளை முட்டாள்கள் என்று சொல்லி நகர்ந்துவிடலாம். அவர்கள் முட்டாள்கள் அல்லர். தங்கள் ஒழுங்குமுறை எதன்மேல் நிற்கிறது என்று நன்றாகத் தெரிந்தவர்கள். கறுப்பரின் கையால் உயிர் பிழைத்த வெள்ளையர், பிறகு எந்த முகத்தோடு அவரைப் பின்வாசலுக்கு அனுப்புவார்? நம் ஊரில் தாகத்துக்குத் தண்ணீர் வாங்கிக் குடிக்காமல் நடந்துபோகிறவர்களின் கணக்கும் இதுதான்.

வாயு என்று பேசும்போது நம் நாட்டு மலக்குழி நினைவுக்கு வராமல் போகாது. மோர்கனின் முக்காடு அங்கே ஒருவரைக் காப்பாற்றுமா? காப்பாற்றாது. தீயின் புகை மேலே ஏறும். ஆனால் கழிவுத் தொட்டியில் உருவாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனமானது, அடியில் தேங்கும். குழாயைக் கீழே விட்டால் நஞ்சைத்தான் உறிஞ்சும். அங்கே தேவை வேறு நல்ல முக்காடுகூட அல்ல, மனிதர் இறங்காமல் இருப்பது. மனிதரை இறக்குவதைத் தடுக்கும் சட்டம் 2013இல் வந்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. 2023இல் அதை 30 லட்சம் ஆக்கியது. கேரளத்தில் இளம் பொறியாளர்கள் 2018இலேயே குழியைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தைக் களத்தில் இறக்கிக் காட்டினார்கள். கண்டுபிடிப்பு இல்லாததால் யாரும் சாகவில்லை. திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படத்தைப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

மோர்கன் கடிதம் எழுதியதோடு நிற்கவில்லை. தங்களைப் பற்றி எழுதாத பத்திரிகைகளை நம்பிப் பயனில்லை என்று 1920இல் 'கிளீவ்லாந்து கால்' என்ற கறுப்பினப் பத்திரிகையைத் தொடங்கினார். பின்னாளில் இன்னொரு பத்திரிகையோடு இணைந்து 'கால் அண்ட் போஸ்ட்' ஆகி நீண்ட காலம் நடந்தது. கறுப்பர்கள் கால்வைக்க முடியாத பொழுதுபோக்குச் சங்கங்களுக்கு மாற்றாக, ஊருக்கு வெளியே பண்ணை நிலம் வாங்கிக் கறுப்பினத்தவருக்கென்றே ஒரு சங்கம் நடத்தினார். 1931இல் நகர மன்றத்துக்குச் சுயேச்சையாக நின்று தோற்றார்.

போக்குவரத்து சிக்னல் இதற்கு நடுவில் வந்தது. கிளீவ்லாந்தில் கார் வைத்திருந்த முதல் கறுப்பர் அவர்தான் என்று சொல்வார்கள். கார், குதிரை வண்டி, சைக்கிள், நடப்பவர் எல்லோரும் ஒரே சாலையில் முட்டிக்கொண்ட காலம். 1923 நவம்பர் 20 அன்று அவருக்குக் கிடைத்த காப்புரிமை, ஒரு கம்பத்தின் உச்சியில் ஆங்கில 'டி' வடிவில் நிற்கும் கைகளுக்கானது. கீழே நிற்பவர் கைப்பிடியைச் சுற்றி இயக்க வேண்டும். 'நில்', 'போ' என்ற இரண்டோடு மூன்றாவதாக ஒரு நிலையும் அதில் இருந்தது: எல்லாத் திசையும் நில். பாதி கடந்த வண்டிகள் போய்ச் சேரவும், நடப்பவர்கள் கடக்கவும் அந்த இடைவெளி. இரவில் இயக்க ஆள் இல்லாதபோது கைகளைப் பாதி உயரத்தில் விட்டுவைத்தால், எச்சரிக்கையோடு கடந்து போ என்று பொருள்.

இங்கேதான் அந்த இரண்டு வரிப் பட்டியலைத் திருத்த வேண்டும். இது விளக்கு அல்ல. மின்சாரப் போக்குவரத்து விளக்கு 1914லேயே அதே கிளீவ்லாந்தின் யூக்ளிட் அவென்யூவில் எரியத் தொடங்கிவிட்டது. அதை வடிவமைத்தவர் வேறொருவர். வாயு முகமூடியும் அப்படியே. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கரித்தூள் வைத்த சுவாசக் கவசங்கள் இருந்தன. முதல் உலகப் போரில் குளோரின் வாயுவை எதிர்கொண்ட படைவீரர்கள் பயன்படுத்திய முகமூடிகள் வேறு வழியில் வந்தவை. மோர்கன்தான் உலகில் முதல் ஆள் என்று சமூக ஊடகத்தில் நாம் பகிரும்போது, எதிரே இருப்பவன் ஐந்து நிமிடம் தேடி "பொய்" என்று காட்டிவிட்டு, ஈரி ஏரியில் நடந்ததையும் சேர்த்துப் பொய் என்று முடித்துவிடுவான். ஹென்றி பேக்கர் கடிதம் கடிதமாக எழுதிச் சரிபார்த்தது இந்த அவமானத்தைத் தவிர்க்கத்தான். மோர்கன் செய்தது என்னவோ அதுவே போதுமான அளவுக்குப் பெரியது. ஊதிப் பெருக்க வேண்டிய தேவை இல்லை.

ஜோதிராவ் பூலே 1873இல் 'குலாம்கிரி'யை அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். 1946இல் பாபாசாகேப் அம்பேத்கர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, கறுப்பர்கள் ஐ.நா. சபையில் கொடுத்த மனுவின் படியைக் கேட்டார். அந்த உறவு தலைவர்களுக்கும் மனுக்களுக்கும் அப்பால், பட்டறைகளுக்கும் காப்புரிமை எண்களுக்கும் நீள வேண்டும் என்பது என் ஆசை.

1943இல் மோர்கனுக்குக் கண் அழுத்த நோய் வந்து பார்வையின் பெரும்பகுதி போனது. வேலை நிற்கவில்லை. கடைசிக் காலத்தில் அவர் மனதை ஆட்கொண்டிருந்தது, கைதவறி விழுந்தாலும் தானாக அணையும் சிகரெட். வடிப்பானுக்கு முன்னால் தண்ணீர் நிரப்பிய சின்ன உருண்டை ஒன்றை வைப்பது அதன் யோசனை. தீயை எப்படி அடக்குவது என்ற பழைய கேள்வி வேறு வடிவில் வந்திருக்கிறது. 1963இல் இறந்தார். ஏரித் தண்ணீரைச் சுத்திகரிக்கும் கிளீவ்லாந்து நிலையங்களில் ஒன்றுக்கு 1991இல் அவர் பெயரை வைத்தார்கள்.

பொறியியல் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேலை. அமெரிக்கக் காப்புரிமை ஆவணங்களை இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். 1,113,675 என்ற எண்ணில் முக்காடு இருக்கிறது. 1,475,024 என்ற எண்ணில் சிக்னல். படங்களைப் பாருங்கள், உறுப்புகளுக்கு எண் போட்டு ஒவ்வொன்றையும் எப்படி விளக்கியிருக்கிறார் என்று கவனியுங்கள். இரண்டிலும் கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் காரெட் ஏ. மோர்கன், கிளீவ்லாந்து, ஓஹையோ என்று இருக்கும். பிக் சீஃப் மேசனை அங்கே எங்கும் காண முடியாது.